ஒரு ரிபன் மிச்சம்

பீற்றிஸ் டீச்சருக்குக் கொடுத்த மின்கம்பத்தடியில் நிழல் இல்லை.

சரியாகச் சொன்னால், இருந்தது. கம்பத்தைப் போலவே மெல்லியதாக, றோட்டோரக் கழிவுநீர்க் கானுக்குள் விழுந்து கிடந்தது. அதில் நிற்பதென்றால் கானுக்குள் இறங்க வேண்டும்.

டீச்சரின் ஒரு கையில், ஆளுக்கு ஒன்றாக எண்ணி வெட்டிய சிவப்பு ரிபன் துண்டுகள். மறு கையில் பதினோராம் தரத்தின் விஞ்ஞான விடைத்தாள்கள். அன்றைக்குப் பாடசாலையில் பெண்கள் மரதன் ஓட்டம். பிள்ளைகள் பாடசாலையிலிருந்து வாவிக்கரை றோட்டால் ஓடி வந்து, இந்தக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு, கல்முனை றோட்டால் பாடசாலைக்குத் திரும்ப வேண்டும். கம்பத்தைச் சுற்றியதற்குச் சாட்சி, கையில் கட்டிவிடும் ரிபன். அதைக் கட்டிவிடுவதுதான் டீச்சரின் வேலை. வெயிலில் நிற்கத் தெரிந்தால் போதும் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள்.

விளையாட்டு ஆசிரியர் தோமஸ் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"டீச்சர், கம்பத்தடியிலதானே நிக்கிறீங்க?"

"ஓம் சேர். வெயிலிலதான் நிக்கிறன்."

"அசையப்படா. போன வருசம் நடந்தது தெரியும்தானே. முதலாவதா வந்த புள்ளைட கையில ரிபன் இல்ல. தாய் தகப்பன்மார் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு என்ட சட்டையப் பிடிச்சிட்டாங்க. இந்த முறை ரிபன் இல்லாட்டி ஆராயிருந்தாலும் ஓடினதாக் கணக்கில்ல. மைக்கிலயும் சொல்லிக்கொண்டுதான் இருக்கன்."

"பிள்ளையளுக்கு முன்னால மோட்டார் சைக்கிள் ஒண்டு வாறதுதானே?"

"அத ஐஸ் கட்டி எடுக்க அனுப்பியாச்சு. பிரதம விருந்தினருக்குக் குளிர்தண்ணிதான் வேணுமாம்."

"பிள்ளையள் வெளிக்கிட்டாச்சா?"

"எங்க? விருந்தினர் வந்து கொடி காட்டணுமே. வெளிக்கிட்டதும் கோல் எடுக்கிறன்."

பீற்றிஸ் டீச்சர் எதிர்ப்பக்கம் பார்த்தார். கம்பத்துக்குச் சற்று அங்கால் ஒரு பஸ் தரிப்பிடம். கூரை இருந்தது, வாங்கு இருந்தது, பக்கச் சுவர் முழுக்க டியூஷன் மாஸ்டர்மாரின் படம் இருந்தது. விருந்தினர் இன்னும் வரவில்லை. தோமஸ் சேர் கோல் எடுப்பார். டீச்சர் றோட்டைக் கடந்து போய், வெயில் படாத மூலையில் சுவரோடு சாய்ந்து இருந்தார். தொலைபேசியைப் பைக்குள் வைத்தார். வகுப்புக்குப் போகும்போது சத்தத்தை நிறுத்திவிடுவது இத்தனை வருடப் பழக்கம். அன்று காலையிலும் கை தன்பாட்டில் அதைச் செய்திருந்தது. டீச்சருக்கு அது ஞாபகம் இல்லை.

மேலே இருந்தது விதுர்ஷாவின் விடைத்தாள்.

விதுர்ஷாதான் டீச்சரின் தலையிடி. பிள்ளை கெட்டிக்காரி, ஆனால் கெட்டித்தனம் முழுவதும் காலில் இருந்தது. அந்தக் கால் மாகாணம் வரைக்கும் போகும் என்று தோமஸ் சேர் சொல்வார். மாகாணத்தில் ஒரு இடம் எடுத்தால் விளையாட்டுப் பாடசாலையில் சேர்ப்பார்களாம். விடுதி, சாப்பாடு, உடுப்பு எல்லாம் அரசாங்கச் செலவு. அதற்கு முதலில் வலயப் போட்டிக்குப் போக வேண்டும். வலயத்துக்குப் போக, இந்த மரதனில் வெல்ல வேண்டும். சாதாரண தரப் பரீட்சை வருடம் என்பதால் விதுர்ஷாவுக்கு இதுதான் கடைசி மரதன்.

அதே பரீட்சைக்காகத்தான் டீச்சர் இந்தத் தவணை முழுவதும் அவளைப் பின்னேரப் பயிற்சிக்கு விடாமல் மாலை வகுப்பில் வைத்திருந்தார்.

"கால் முறிஞ்சா ஓட்டம் போயிரும், மகள். விஞ்ஞானம் போகாது," என்று சொல்லியிருந்தார்.

"எனக்கு விஞ்ஞானம் வரவே இல்லையே டீச்சர், போறதுக்கு," என்று விதுர்ஷா சொல்லியிருந்தாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் பிறகு வீட்டில் சிரித்தார்.

இப்போது அந்தச் சிரிப்பு வரவில்லை. விடைத்தாளில் கூட்டுத்தொகை முப்பத்து மூன்று. சித்தியடைய முப்பத்தைந்து வேண்டும். டீச்சர் சிவப்புப் பேனையை வாயில் வைத்துக்கொண்டு மறுபடியும் முதலாம் பக்கத்துக்குப் போனார். இரண்டு புள்ளி. ஒரு தவணை முழுக்க ஒரு பிள்ளையின் ஓட்டத்தைப் பறித்துவிட்டு, இரண்டு புள்ளி கொடுக்க முடியாமல் போனால் தோமஸ் சேரின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

வியர்ப்பதனால் உடலுக்கு உண்டாகும் பயன் யாது?

சட்டை நனையும். அம்மா ஏசுவா.

டீச்சர் பெருமூச்சு விட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

ஓடும்போது இதயத் துடிப்பு அதிகரிப்பது ஏன்?

முன்னால் போகிறவரைப் பிடிக்க வேண்டும் என்பதால். முன்னால் ஒருவரும் இல்லை என்றால், பயத்தினால்.

முதல் தடவை இதற்குப் பூச்சியம் போட்டிருந்தார். இப்போது பேனை தயங்கியது. தசைகளுக்கு ஒட்சிசன் என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் பயம் என்பது முழுப் பிழையா? பயந்தால் அதிரினலின் சுரக்கும். சுரந்தால் துடிப்புக் கூடும். பிள்ளை அதிரினலின் என்ற சொல்லைத்தான் எழுதவில்லை, பொருளை எழுதியிருக்கிறாள். இப்படி வாதாடும் பரீட்சகர் ஒருவர் உண்மைப் பரீட்சையில் கிடைப்பாரா என்று யோசித்தார். மனச்சாட்சியோடு நீண்ட நேரம் வழக்காடினார்.

றோட்டில் ஒரு நாய் குரைத்துக்கொண்டு எதையோ துரத்திப் போனது. கொஞ்சத்தில் திரும்பி வந்து, தோற்ற முகத்தோடு தரிப்பிடத்து நிழலில் படுத்தது. நாய்கள் மோட்டார் சைக்கிளைத்தான் துரத்தும் என்பதால் டீச்சர் தலை நிமிரவில்லை.

கடைசியில் அந்த விடைக்கு இரண்டு புள்ளி போட்டார். முப்பத்தைந்து. மனம் லேசாகித் தலையைத் தூக்கியபோது, றோட்டுக்கு அந்தப் பக்கம் மின்கம்பத்தடியில் ஐந்தாறு பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"டீச்சரக் காணல்லையே," என்றது ஒரு குரல்.

"இந்தா, வாறன், வாறன்."

டீச்சர் விடைத்தாள்களின் மேல் கல்லொன்றைத் தூக்கி வைத்துவிட்டு ஓடினார். ரிபன் துண்டுகள் ஒன்றோடொன்று சிக்கியிருந்தன. முன்னால் நின்றவள் சுலக்ஷனா, எப்போதும் இரண்டாவதாக வருகிற பிள்ளை. அவளுடைய கையில்தான் முதல் ரிபன் ஏறியது.

"நீயா முதல்?"

"இல்ல டீச்சர். எனக்கு முன்னால விதுர்ஷா போனவ. மறுகா காணல்ல."

"எனக்கு முன்னால ஒருத்தரும் வரல்ல, மகள். ஓடு, நேரம் போகுது."

பிறகு பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள், சோடி சோடியாக வந்தார்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். எல்லாரும் போய் முடிய டீச்சரின் கையில் ஒரு ரிபன் மிச்சம் இருந்தது.

தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். தோமஸ் சேர் மூன்று தடவை கூப்பிட்டிருந்தார். நான்காவது தடவை திரை ஒளிர்ந்தது.

"என்ன டீச்சர், கோல் எடுத்தா எடுக்கிறீங்க இல்ல."

"கையில ரிபன் இருந்தது சேர்."

அது பொய்யில்லை என்று டீச்சர் தன்னைச் சமாதானம் செய்துகொண்டார்.

"எல்லாரும் கம்பத்தச் சுத்திக் கிறுகிட்டாங்களா?"

"ஒரு ரிபன் மிச்சம். விதுர்ஷா வரல்ல."

அந்தப் பக்கத்தில் தோமஸ் சேர் மைக்கை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"வரல்லையா," என்றார் தோமஸ். "அவதான் முதல்ல வருவா எண்டு நான் விருந்தினருக்கும் சொல்லிட்டன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "பயிற்சி இல்லாமப் போச்சு டீச்சர். நான் குத்தம் சொல்லல்ல. பயிற்சி இல்லாமப் போச்சு," என்றார்.

குற்றம் சொல்லியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது டீச்சருக்கு.

விதுர்ஷா வந்தாள். ஆனால் வாவிப் பக்கத்தால் வரவில்லை. கல்முனை றோட்டால், பாடசாலை இருக்கும் திசையிலிருந்து வந்தாள். முகம் சிவந்து, சட்டை உடம்போடு ஒட்டி, வாயைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள்.

"எந்தப் பக்கத்தால வாறாய் நீ?"

"டீச்சர், நான்... நீங்க..."

"பேசாத. முதல்ல மூச்ச எடு."

டீச்சருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாவிக்கரை றோட்டிலிருந்து கல்முனை றோட்டுக்கு ஏறுவதற்கு நாலைந்து ஒழுங்கைகள் உண்டு. பயிற்சி இல்லாத பிள்ளை. முதலாவதாக வந்தே தீர வேண்டும் என்ற பயத்தில் ஏதோ ஒரு ஒழுங்கையால் குறுக்கே விழுந்திருக்கிறாள். உள்ளே வழி மாறிச் சுற்றியிருக்கிறாள். கேள்வியைத் தலைகீழாக வாசிக்கிற பிள்ளை றோட்டையும் தலைகீழாக ஓடியிருக்கிறாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தரிப்பிடத்து வாங்கில் இருத்தித் தன் போத்தல் தண்ணீரைக் கொடுத்தார். விதுர்ஷா குடித்தாள். குடித்துக்கொண்டே வாங்கைப் பார்த்தாள். கல்லின் கீழ் அவளுடைய கையெழுத்து, பக்கத்தில் மூடாத சிவப்புப் பேனை.

"இது என்ட பேப்பரா டீச்சர்?"

"ஓம். உனக்கு ரெண்டு புள்ளி தேடி இவ்வளவு நேரமும் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"இஞ்ச இருந்தா தேடின நீங்க?"

"பின்ன, வெயிலிலயா?"

விதுர்ஷா சுவரைப் பார்த்தாள், றோட்டுக்கு அப்பால் மின்கம்பத்தைப் பார்த்தாள், மறுபடி விடைத்தாளைப் பார்த்தாள். போத்தலை மூடிக் கொடுத்தாள்.

"கிடைச்சதா டீச்சர்?"

"கிடைச்சது. முப்பத்தஞ்சு."

அவள் தலையை ஆட்டினாள்.

டீச்சர் கடைசி ரிபனை அவளுடைய கையில் கட்டினார். ஆனால் அது போதாது. கல்முனை றோட்டால் வந்து கல்முனை றோட்டாலேயே திரும்பினால், தோமஸ் சேர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். குறுக்கு வழி என்ற பெயர் பிள்ளைக்கு வரக்கூடாது.

"மகள், நான் சொல்றதக் கேள். இனி வாவிக்கரை றோட்டால கிறுகிப் போ. அப்பதான் உன்ட சுத்து முழுசாகும்."

"திரும்பவுமா டீச்சர்?"

"திரும்பவும் எண்டா? அந்தப் பக்கம் நீ ஓடவே இல்லையே."

"நான் அதாலதான்..."

"விதுர்ஷா. நீ வந்த பக்கத்த என்ட கண்ணால கண்டன். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீயும் எனக்குப் பொய் சொல்லாத."

விதுர்ஷா டீச்சரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமா, களைப்பா என்று தெரியாத பார்வை. பிறகு "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு றோட்டைக் கடந்து, வாவிப் பக்கமாக ஓடினாள். நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. இந்த முறை துரத்தவில்லை.

டீச்சர் ஒரு ஓட்டோ பிடித்தார். பிள்ளை வந்து சேருமுன் பரிசளிப்பை முடித்துவிடுவார்கள் என்பது தெரியும். பாடசாலைக்குக் கிட்ட, கல்முனை றோட்டு வளையும் முடக்கில் விதுர்ஷாவின் தாய் அன்னப்பூரணி வழமைபோல இடியப்பத் தட்டுகளோடு இருந்தார். ஓட்டோவுக்குள் டீச்சரைக் கண்டதும் எழும்பிக் கையைக் காட்டினார்.

"நிப்பாட்டவா டீச்சர்?" என்றார் ஓட்டோக்காரர்.

"வேணாம், போங்க."

தவணை முடிவில் தாய்மார் கை காட்டினால் அது புள்ளி கேட்கத்தான். அதுதான் கொடுத்தாயிற்றே.

மைதானத்தில் அதிபர் வினாயகமூர்த்தி மைக்கைப் பிடித்திருந்தார். விருந்தினர் கையில் குளிர்தண்ணி. சுலக்ஷனாவின் கழுத்தில் பதக்கம். அவள் தோமஸ் சேரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இல்ல சேர், எனக்கு முன்னால விதுர்ஷாதான்..."

"வெண்டவங்களுக்குத் தன்னடக்கம் வேணும். அதுக்காக இவ்வளவு வேணாம்," என்றார் தோமஸ்.

"நாங்க வரக்குள்ள எதிரில வந்தவ சேர். தன்ட பாட்டில ஓடினவ."

"வழி மாறியிருப்பா. போய் இரு."

டீச்சர் அதிபருக்குப் பக்கத்தில் போனார். கூட்டத்தில் பேசுவதென்றால் டீச்சருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதிபரின் காதுக்குள்தான் சொன்னார்.

"சேர், இன்னும் ஒரு பிள்ளை ஓடிக்கொண்டிருக்கிறா. கொஞ்சம் பொறுப்பமா?"

"கடைசியா வாற புள்ளைக்கு விருந்தினரக் காத்திருக்கச் சொல்றதா?"

"கடைசிதான் சேர். ஆனா விடாம ஓடுறா. அதுக்கும் ஒரு பரிசு குடுக்கலாம்."

அதிபருக்கு அந்த யோசனை பிடித்தது. பிடித்ததுதான் பிழையாகப் போயிற்று. பரிசு என்று ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. ஆசிரியர்களின் தேசிக்காய் ஓட்டத்துக்கு வாங்கி வைத்த பச்சைப் பிளாஸ்டிக் வாளி ஒன்றுதான் இருந்தது. அதை மேசையின் நடுவில் வைத்தார்கள். எல்லாரும் கேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விதுர்ஷா கேற்றால் வரும்போது ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பிள்ளைகள் போய்த் தோளில் பிடித்தார்கள். அதிபர் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"ஆமையும் முயலும் கதை எல்லாருக்கும் தெரியும். அதில ஆமை வெண்டது. எங்கட விதுர்ஷா வெல்லாத ஆமை. ஆனாலும் ஆமை."

மைதானம் சிரித்தது. விருந்தினர் குளிர்தண்ணி புரையேறச் சிரித்தார். விதுர்ஷா வாளியை வாங்கினாள். தோமஸ் சேர் மட்டும் சிரிக்காமல் அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் முதல் அவள் பெயர் ஆமை. வகுப்புக்குள் வந்தால் யாராவது ஒரு வாளியைத் தட்டினார்கள். மாலை வகுப்பில் டீச்சர் இரண்டு பேரை எழுப்பி வெளியே விட்டார். அதன்பிறகு தட்டுகிறவர்கள் கூடினார்கள். டீச்சர் ஆமைகளின் மதிப்பு விளங்கட்டும் என்று, கடலாமைகள் எவ்வளவு தூரம் நீந்தும் என்று ஒரு முழுப் பாடம் நடத்தினார். மறுநாள் கரும்பலகையில் நீந்துகிற ஆமை ஒன்று இருந்தது. கையில் ரிபன் கட்டியிருந்தது.

விதுர்ஷா அழவில்லை. முன்வரிசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தாள். இதயத் துடிப்புப் பற்றிய கேள்விக்கு இப்போது ஒட்சிசன் என்றுதான் எழுதினாள். அது டீச்சருக்கு ஏனோ சந்தோஷமாக இல்லை.

ஒரு நாள் இடைவேளையில் தோமஸ் சேர் ஆசிரியர் அறைக்கு வந்தார்.

"டீச்சர், வலயத்துக்கு ரெண்டு பேர அனுப்பலாம். சுலக்ஷனா ஒண்டு. மற்றது என்ட விருப்பம். நான் விதுர்ஷாவப் போடுறன்."

"கடைசியா வந்த பிள்ளையையா?"

"அண்டைக்கு என்ன நடந்தது எண்டு எனக்கு விளங்கல்ல. ஆனா அந்தக் கால எனக்குத் தெரியும்."

டீச்சர் தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். வலயத்திலும் இந்தப் பிள்ளை பயத்தில் குறுக்கே விழுந்தால்? அங்கே வாளி கொடுக்கமாட்டார்கள். பெயரை வெட்டிவிடுவார்கள், பாடசாலையின் பெயரையும் சேர்த்து. தன்னால் பயிற்சி இழந்த பிள்ளையை, இன்னொரு அவமானத்திலிருந்தாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சொன்ன வாக்கும் ஞாபகம் வந்தது.

"வேணாம் சேர்," என்றார்.

"ஏன்?"

"பிள்ளைக்குச் சோதனை வருது."

"எல்லாருக்கும்தான் வருது. சுலக்ஷனாவுக்கும் வருது."

"சேர், இது உங்களோட இருக்கட்டும்." டீச்சர் கதவைப் பார்த்தார். "அண்டைக்கு அவ ஒழுங்கையால குறுக்க வந்தவ. வழி மாறினதாலதான் கடைசியாப் போனா. நான்தான் மறைச்சன்."

அவருடைய முகத்தில் ஒரு விளக்கை அணைத்ததுபோல இருந்தது.

"விதுர்ஷாவா?"

"பயத்திலதான் சேர். கெட்ட பிள்ளை இல்ல."

"ஓட்டத்தில நான் எதையும் மன்னிப்பன்," என்றார் தோமஸ். "இதத் தவிர."

அவர் அவளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ற யோசனை டீச்சருக்கு அப்போது வரவில்லை. வலயத்துக்கு வேறொரு பிள்ளையின் பெயர் போனது. அதன்பிறகு தோமஸ் சேர் மைதானத்தில் விதுர்ஷாவைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பினார். விதுர்ஷாவும் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

வலயப் போட்டியில் சுலக்ஷனா பாதி வழியில் ஒரு மதகில் குந்திவிட்டாள். கால் நோகவில்லை, மூச்சு முட்டவில்லை.

"என்ன நடந்தது?" என்று தோமஸ் சேர் கத்தியபோது, "முன்னால விதுர்ஷா ஓடினாத்தான் சேர் எனக்கு ஓட வரும்," என்றாள்.

பெற்றோர் சந்திப்பு நாளில் பீற்றிஸ் டீச்சர் நேரத்தோடு வந்து வகுப்பறையில் இருந்தார். ஒவ்வொரு தாயாக வந்து முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்கள். வெயில் ஏறியபிறகு அன்னப்பூரணி வந்தார். இடியப்ப வியாபாரம் முடிந்து, முகம் கழுவி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்திருந்தார்.

"இரிங்க, அம்மா. உங்கட மகள் விஞ்ஞானத்தில சித்தி," என்றார் டீச்சர். தனக்கே ஒரு பரிசு கொடுப்பதுபோல அந்த இடத்தை விரலால் காட்டினார். "முப்பத்தஞ்சு. இனிக் கூடும்."

"எல்லாம் உங்களாலதான் டீச்சர். வீட்டயும் உங்கட பேச்சுத்தான்." அன்னப்பூரணி கையெழுத்து வைத்தார். எழும்பவில்லை. "அந்த வாளியும் நல்ல வாளி. மாவுக்கு வச்சிருக்கன்."

"கால் எப்படி இப்ப?"

"வீக்கம் வத்திட்டு. எண்ணெய் போட்டுத் தடவினன். ஓடுறதத்தான் விட்டுட்டாள். விடியக்காலம எழும்பி வாவிக்கரையால ஓடுற புள்ள, இப்ப எழும்புறதே இல்ல." கொஞ்சம் தயங்கினார். "டீச்சர், ஒண்டு கேட்டா கோவிக்கப்படா. அண்டைக்கு ஓட்டோவில போகக்குள்ள கேப்பம் எண்டுதான் கை காட்டின நான்."

"கேளுங்க. புள்ளியப் பத்தியா?"

"புள்ளியில்ல. அண்டைக்கு நான் முடக்கில இருந்து பாத்த நான். இவள் தனிய ஓடி வந்தாள், பின்னால ஒரு குருவி இல்ல. கேற் கண்ணுக்குத் தெரியுது. அப்பதான் மைக்கில சேர் ரிபன் எண்டு என்னமோ சொன்னார். இவள் கையத் தூக்கிப் பாத்தாள், அப்படியே கிறுகி வந்த வழியாலயே ஓடினாள். ஏன் எண்டு இண்டைக்கு வரைக்கும் கேக்கிறன். 'டீச்சர் எனக்குப் புள்ளி தேடிட்டு இருந்தவ, நீ ஒருத்தருக்கும் சொல்லாத' எண்டு மட்டும்தான் சொல்றாள்."

டீச்சரின் விரல் முப்பத்தைந்தின் மேலேயே நின்றது.

"எனக்குப் படிப்பு விளங்காது, டீச்சர்," என்றார் அன்னப்பூரணி. "மற்றப் புள்ளையளுக்கெல்லாம் ஒரு சுத்து. முதலாவதா வந்த என்ட புள்ளைக்கு மட்டும் என்னத்துக்கு ரெண்டு சுத்துக் குடுத்த நீங்க?"